நைவாஷாவில் தொடங்கிய தாமதம்

1930-ஆம் ஆண்டு கென்யாவின் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில் செம்மறிக் குட்டிகள் பிறந்த சில நாட்களிலேயே மடியத் தொடங்கின. சினை மறிகள் குட்டி வீசின. வீசிய மறிகளிலும் பல பிழைக்கவில்லை. நைரோபிக்கு அருகே கபெட்டேயில் இருந்த கால்நடை ஆய்வகத்தின் டாப்னியும் ஹட்சனும், கொசுக்களை அறிந்த மருத்துவரான கார்னமும் சேர்ந்து இதை ஆராய்ந்து 1931-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இறந்த குட்டிகளின் கல்லீரல் சிதைந்திருந்ததையும், பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் ஒரு கிருமியே காரணம் என்பதையும் அவர்கள் நிறுவினார்கள். மந்தையை உயரமான மலைப்பகுதிக்கு ஓட்டிச் சென்றதும் சாவு நின்றது. இரவில் கொசுவலைக்குள் அடைத்த ஆடுகள் தப்பின. அதனால் நோயைச் சுமப்பது கொசுவே என்று அப்போதே ஊகிக்க முடிந்தது. மேய்ப்பர்களும், ஆய்வு செய்தவர்களில் சிலரும் காய்ச்சலில் விழுந்ததால் இது மனிதரையும் தொற்றும் என்பதும் தெரிந்துவிட்டது. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று பெயர் பெற்ற இந்த நோயின் முக்கியமான குணங்கள் பெரும்பாலும் முதல் கட்டுரையிலேயே பதிவாகிவிட்டன. இருந்தும் அடுத்த எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது கிளம்பிய போதெல்லாம் அரசுகள் தாமதமாகவே விழித்தன. இந்தத் தாமதத்துக்கு அறிவுக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. ஆடு படுத்ததை முதலில் பார்ப்பவன் அதை வெளியே சொன்னால் அவனுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் காரணம் இருக்கிறது என்பது என் வாதம்.

1930 என்ற ஆண்டையே சற்று உரசிப் பார்க்க வேண்டும். அது நோய் பிறந்த ஆண்டு அல்ல. 1912, 1913 வாக்கிலேயே அப்பள்ளத்தாக்கில் செம்மறிக் குட்டிகளைக் கொல்லும் ஒரு நோயைப் பற்றி அரசுக் கால்நடை அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முன்பு நைவாஷா, நகுரு புல்வெளிகள் மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். 1904-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் ஓர் உடன்படிக்கையின் பேரில் அவர்களை அங்கிருந்து அகற்றியது. காலியான நிலத்தில் வெள்ளைக் குடியேறிகள் மெரினோ போன்ற கம்பளி இனங்களைக் கொண்டுவந்து பெருக்கினார்கள். அந்த மண்ணின் கிருமிகளோடு எந்தப் பழக்கமும் இல்லாத இந்த வந்தேறி ஆடுகளிடம்தான் நோய் முழு மூர்க்கத்தையும் காட்டியது. உள்ளூர் இனங்கள் அவ்வளவு எளிதில் சாவதில்லை. ஆகவே 1930-இல் நோய் கண்ணில் பட்டதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றாக வேலை செய்தன. சாகக்கூடிய ஆடு வந்திருந்தது. செத்தால் கபெட்டேக்குச் செய்தி அனுப்பக்கூடிய உடைமைக்காரரும் வந்திருந்தார். இரண்டில் எதற்கு எடை அதிகம் என்று இன்று நிறுத்துப் பார்க்க வழியில்லை. ஆனால் மாசாய் மேய்ப்பன் ஒருவனின் மந்தை மழைக்குப்பின் குட்டி வீசியிருந்தால் அது எந்தக் கோப்பிலும் ஏறியிருக்காது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நோய்களின் வரலாற்றில் ‘முதன்முதலாக’ என்ற சொல் பெரும்பாலும் நோயைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பதிவேட்டை யார் வைத்திருந்தார் என்பதையே சொல்கிறது.

அடுத்து வந்த அலைகளில் இந்தக் குறை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 1950-51-இல் தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ ஒரு லட்சம் செம்மறிகள் மாண்டன, ஐந்து லட்சம் மறிகள் குட்டி வீசின என்பது கணக்கு. இவ்வளவு பெரிய அழிவு நடந்துகொண்டிருந்தும் அதன் பெயர் தெரியவில்லை. ஜோஹன்னஸ்பர்கில் செத்த காளை ஒன்றை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவரும் உதவியாளர்களும் நோயில் விழுந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. 1977-இல் எகிப்தில் இது முதன்முறையாகச் சஹாராவைத் தாண்டியது. சூடானிலிருந்து ஓட்டிவரப்பட்ட கால்நடைகளோடு வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. அஸ்வான் அணைக்குப் பிந்தைய பாசன நிலம் கொசுவுக்குத் தோதாக இருந்தது. சுமார் இரண்டு லட்சம் பேரைத் தொற்றியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பதிவான சாவுகள் 598. அங்கும் மனிதர்கள் மருத்துவமனைக்கு வந்தபின்தான் கிராமங்களில் ஆடுமாடுகள் கருக்கலைந்த கதை துருவப்பட்டது. விலங்கில் தொடங்கி மனிதருக்கு வரும் ஒரு நோயை மனிதரில் தொடங்கிப் பின்னோக்கி விலங்கில் தேடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதற்கிடையே ஆய்வாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1944-இல் உகாண்டாவின் செம்லிக்கிக் காட்டில், மனிதர் குடியிருப்போ கால்நடையோ இல்லாத இடத்தில், ஸ்மித்பர்ன் குழுவினர் பிடித்த கொசுக்களிலிருந்தே வைரஸ் கிடைத்தது. அதைச் சுண்டெலிகளின் மூளையில் திரும்பத் திரும்பச் செலுத்தி வீரியம் குறைத்துத் தயாரித்த தடுப்பூசிதான் ஸ்மித்பர்னின் பெயரில் பல பத்தாண்டுகள் புழங்கியது. சினை ஆட்டுக்குப் போட்டால் சில நேரம் அதுவே குட்டியைக் கலைத்துவிடும் என்பது அதன் தீராத குறை. பெரிய புதிர் வேறு. ஐந்து ஆண்டுகளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் வரை இடைவெளி விட்டு நோய் தலைதூக்குகிறது. அந்த இடைவெளியில் வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது? கபெட்டேயில் பணியாற்றிய க்ளின் டேவிஸ் கென்யாவின் பழைய மழைப் பதிவுகளை நோய்க் கிளர்ச்சிகளோடு பொருத்திப் பார்த்தார். வெறும் கனமழை போதாது, நிலம் ஊறி நீர்மட்டம் மேலே வந்து பல நாள் நிற்கும் அளவுக்குத் தொடர்மழை வேண்டும் என்பது அதில் புலப்பட்டது. காரணம் கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் இருக்கும் ‘டாம்போ’ எனப்படும் ஆழமற்ற தாழ்நிலங்கள். ஏடிஸ் இனத்துக் கொசுக்கள் சில அவற்றின் ஈரமண்ணில் முட்டையிடும். தண்ணீர் வராத வரை முட்டை பொரியாது. காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெள்ளம் தேங்கினால் எல்லாம் ஒரே சமயத்தில் பொரிந்து எழும்.

கென்னத் லின்திகமும் சக ஆய்வாளர்களும் 1980-களின் தொடக்கத்தில் செய்த வேலை இந்தப் புதிரின் முடிச்சை அவிழ்த்தது. நோய் எங்கும் இல்லாத காலத்தில் அவர்கள் டாம்போக்களில் கொசுப்புழுக்களை அள்ளிவந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். அவை எந்த விலங்கையும் கடிக்க வாய்ப்பே இல்லாமல் கொசுவாகின. அவற்றில் வைரஸ் இருந்தது. அதிலும் ஆண் கொசுக்களிலும் இருந்தது. ஆண் கொசு ஒருபோதும் இரத்தம் குடிப்பதில்லை. ஆகவே வைரஸ் தாயின் முட்டை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். இத்துறையின் வரலாற்றில் இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு மறுக்கமுடியாத சான்று வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நோய் எங்கிருந்தோ வருவதில்லை, மேய்ச்சல் நிலத்தின் மண்ணிலேயே கிடந்து மழைக்குக் காத்திருக்கிறது என்று ஆனது. மழையில் பொரியும் ஏடிஸ் முதலில் கால்நடையைத் தொற்றும். தண்ணீர் வாரக்கணக்கில் நின்றால் க்யூலெக்ஸ் இனக் கொசுக்களும் பெருகி, தொற்றிய கால்நடையைக் கடித்து நோயை ஊர் ஊராகக் கொண்டுபோகும். இரண்டு கட்டங்களுக்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்கள்தான் தடுப்பவருக்கு உரிய நேரம்.

அந்த நேரத்தை நீட்டிக்கச் செயற்கைக்கோள் வந்தது. 1997-இன் இறுதியில் எல் நினோவும், வழக்கத்துக்கு மீறிச் சூடேறிய மேற்கு இந்தியப் பெருங்கடலும் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவை மூழ்கடித்தன. நம் வடகிழக்குப் பருவமழையின் அதே அக்டோபர்–டிசம்பர் மாதங்கள்தான் அங்கும் ஒரு மழைக்காலம். வடகிழக்குக் கென்யாவின் கரிஸாவிலும் தெற்குச் சோமாலியாவிலுமாக சுமார் 89,000 பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்றும், இறந்தவர் 478 என்றும் பின்னர் கணக்கிட்டார்கள். லின்திகம், அசாஃப் அன்யம்பா முதலியோர் 1999-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் விண்ணிலிருந்து அளந்த புல்லின் பசுமையையும் சேர்த்துப் பார்த்தால் இத்தகைய கிளர்ச்சியை ஐந்து மாதம் வரை முன்கூட்டியே சொல்ல முடியும் என்று காட்டியது. 2006-இல் அது மெய்யான சோதனைக்கு வந்தது. செப்டம்பர் முதலே நாசாவின் கொடார்ட் மையத்திலிருந்து எச்சரிக்கைகள் போயின. நவம்பரில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் எச்சரித்தது. டிசம்பரில் கரிஸாவில் மனிதர்கள் இறக்கத் தொடங்கினார்கள். தடுப்பூசி போடும் வேலை ஜனவரியில்தான் தொடங்கியது. மார்ச்சுக்குள் கென்யாவில் மட்டும் 684 பேர் நோயுற்றதாகவும் 155 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்தது. கணிப்பு பலித்தது, ஆனால் அதனால் ஆடும் பிழைக்கவில்லை, ஆளும் பிழைக்கவில்லை.

கிளர்ச்சி ஓய்ந்தபின் ஆய்வாளர்கள் வடகிழக்குக் கென்யாவின் சோமாலி மேய்ப்பர்களிடம் போய் விசாரித்து வெளியிட்ட கணக்கு, என் பார்வையில், இந்த வரலாற்றின் மிக முக்கியமான ஆவணம். மூக்கில் இரத்தம் வடியும் இந்த நோய்க்கு அவர்களிடம் ‘சந்திக்’ என்று சொந்தப் பெயரே இருந்தது. பெருமழை தொடங்கி மூன்றரை வாரம் போலக் கழித்துக் கொசுக்கூட்டம் எழுந்தது, அதன்பின் இரண்டரை வாரத்தில் முதல் ஆடு நோயுற்றது, மேலும் இரண்டரை வாரத்தில் முதல் மனிதர் நோயுற்றார் என்று அவர்கள் நினைவிலிருந்து வரிசைப்படுத்தினார்கள். கொசுவியல் சொல்லும் கணக்கோடு இது ஒத்துப்போகிறது. முதல் விலங்கு நோயுற்றதற்கும் கால்நடைத் துறை வந்து சேர்ந்ததற்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக இரண்டு மாதம். முதல் மனிதர் நோயுற்று மருத்துவத் துறை வந்து சேர ஆனது மூன்று வாரம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தாமதம் தூரத்தால் ஆனது அல்ல என்பது விளங்கும். சாலை இரண்டு துறைக்கும் ஒன்றுதான், வெள்ளமும் ஒன்றுதான்.

பின் ஏன்? ஒரு காரணம், கேட்க வேண்டிய காதே மெலிந்து போயிருந்தது. 1980-களின் இறுதியில் உலக வங்கி முதலானவை வற்புறுத்திய சிக்கன நடவடிக்கைகளின்போது கென்யா கால்நடை மருத்துவப் பட்டதாரிகளைத் தானாகவே அரசுப் பணியில் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தியது. தனியார் வந்து அந்த இடத்தை நிரப்புவார்கள் என்றார்கள். பால்மாடு நிறைந்த மேட்டுநிலங்களில் அது ஓரளவு நடந்தது. வறண்ட வடகிழக்கில் யார் கடை விரிப்பார்கள்? இதைவிட ஆழமான காரணம் சந்தை. இந்த நோயின் பெயர் உச்சரிக்கப்பட்ட மறுநொடி சந்தைகள் மூடப்படும், கால்நடை நடமாட்டமும் அறுப்பும் தடைசெய்யப்படும். 1998-இல் சவூதி அரேபியா ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியிலிருந்து கால்நடை வாங்குவதை நிறுத்தியது. 2000-இல் சவூதியின் ஜிசானிலும் ஏமனிலும் நோய் பரவி ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதன்முறையாகக் கால்வைத்தபோது மறுபடி தடை வந்தது. சோமாலியக் கால்நடைக்கு அது 2009 வரை நீடித்தது. ஹஜ் காலத்தை நம்பி பெர்பெரா துறைமுகத்துக்கு ஆடு ஓட்டிய குடும்பங்களுக்கு அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2006-07-இல் கென்யப் பொருளாதாரத்துக்கு நேர்ந்த இழப்பு இருநூறு கோடி ஷில்லிங்குக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. அதில் செத்த விலங்கின் விலை ஒரு பங்குதான்; இறைச்சிக்கடை, இடைத்தரகர், லாரிக்காரர், சுமைதூக்குபவர் என்று சந்தை மூடியதால் வேலை இழந்தவர்களின் பங்கும் பெரியது. இப்படிப்பட்ட இடத்தில் தன் பட்டியில் நாலு ஆடு குட்டி வீசியதை மேய்ப்பன் ஓடிவந்து சொல்வான் என்று எதிர்பார்ப்பது நிர்வாகத்தின் வெகுளித்தனம். உறுதியாகத் தெரியாமல் பெயரைச் சொல்ல மாவட்ட அதிகாரிக்கும் அதே தயக்கம்தான்.

மேய்ப்பனின் பேச்சுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொல்லலாம். ஆடு குட்டி வீசுவதற்கு நூறு காரணங்கள் உண்டு. கன்று வீச்சு நோய் உண்டு, தீவனக் குறை உண்டு, வேறு வைரஸ்களும் உண்டு. இரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போகாமல் முடிவு சொல்ல முடியாது. போதாததற்கு, அந்த விசாரணை நடந்தது எல்லாம் முடிந்தபிறகு. நடந்ததை அறிந்தவரின் நினைவு நடந்ததற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இரண்டும் நியாயமான ஆட்சேபங்கள். நாட்கணக்கைத் தசம புள்ளி வரை நம்ப வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் வரிசையையும், இரண்டு மாதத்துக்கும் மூன்று வாரத்துக்கும் உள்ள பெரிய வேறுபாட்டையும் நினைவின் பிழை என்று தள்ள முடியாது. முதல் ஆட்சேபத்துக்குப் பதில் இன்னும் எளிது. ஒரு பட்டியில் சில ஆடுகள் குட்டி வீசுவது ஐயத்துக்குரிய செய்திதான். நீண்ட மழை, அளவுக்கு மீறிய கொசு, ஒரே வாரத்தில் பல பட்டிகளில் குட்டி வீசல், இளங்குட்டிகளின் சாவு ஆகிய நான்கும் ஒன்றாகச் சேரும்போது அதற்கு வேறு பொருள் தேட அதிக இடமில்லை. ஆய்வக உறுதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாதிரி எடுக்க ஆள் அனுப்ப வேண்டிய கட்டம் எது என்பதுதான் கேள்வி.

சந்தைத் தடை தவறு என்றா சொல்கிறேன்? இல்லை. நோயுற்ற விலங்கின் இரத்தமே மனிதருக்கு மிகப் பெரிய ஆபத்து. அறுப்பவரும் தோலுரிப்பவரும்தான் முதலில் விழுகிறார்கள். தடை வேண்டும். ஆனால் தடையின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்து மக்கள் பேசுவார்கள் அல்லது வாய்மூடுவார்கள். ஆஸ்திரேலியாவின் அனுபவம் இதை நன்றாகக் காட்டுகிறது. டார்வின் நகருக்கு அருகே பியட்ரிஸ் ஹில்லில் 1975-இல் பிடித்த, கொசுவைவிடச் சிறிய குலிக்காய்டிஸ் கடிபூச்சிகளிலிருந்து கிடைத்த ஒரு வைரஸ், நீலநாக்கு நோயின் இருபதாவது வகை என்று 1977-இல் தெரியவந்தது. தமிழ்நாட்டுச் செம்மறி வளர்ப்போர் மழைக்காலத்தில் அஞ்சும் அதே நீலநாக்கு நோய்தான். அப்போது அங்கே ஓர் ஆடுகூட நோயில் படுக்கவில்லை. ஆனாலும் வெளிநாடுகள் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குக் கதவைச் சாத்தின. அடி பலமாகவே விழுந்தது. ஆனால் விளைவு வேறாக இருந்தது. வடக்கிலிருந்து தெற்குவரை ஆங்காங்கே கண்காணிப்பு மந்தைகளை நிறுத்தி, குறித்த இடைவெளியில் அவற்றின் இரத்தத்தை எடுத்து, விளக்குப் பொறிகளில் பூச்சிகளைப் பிடித்து, வைரஸ் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடம் தயாரித்தார்கள். 1993-இல் அது நாடு தழுவிய திட்டமானது. அரசுகளும் கால்நடைத் தொழிலும் செலவைப் பகிர்ந்துகொண்டன. இல்லாத பகுதியைக் காட்டித்தான் ஏற்றுமதி நடந்தது. ஆகவே கண்டுபிடிப்பதில் எல்லோருக்கும் ஆதாயம் இருந்தது, கண்டுபிடிப்பதன் செலவு முழுவதும் எந்தத் தனி உடைமைக்காரர் தலையிலும் விழவில்லை. பணக்கார நாட்டின் கதை என்று ஒதுக்கலாம்தான். ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பணத்தின் அளவை அல்ல, செலவு வைக்கப்பட்ட இடத்தை.

மூன்றாவது ஆட்சேபம் செயற்கைக்கோள் தரப்பிலிருந்து வரும். மேய்ப்பன் சில வாரம் முன்பு சொல்வான், வானம் சில மாதம் முன்பு சொல்கிறது. தடுப்பூசி தயாரிக்கவே மாதங்கள் ஆகும்போது எது பயன்? உண்மை. மழை தொடங்கியபின் தடுப்பூசிக்கு ஆர்டர் கொடுத்தால் அது வந்து சேர்வதற்குள் கொசு தன் வேலையை முடித்துவிடும். ஆனால் மாதங்களுக்கு முன்னால் வரும் எச்சரிக்கை ‘நடக்கக்கூடும்’ என்றுதான் சொல்லும். பணம் விடுவிக்கும் அதிகாரி ‘நடந்துவிட்டது’ என்ற சொல்லுக்குக் காத்திருப்பார். 2015-16 எல் நினோவின்போது எச்சரிக்கை விடுக்கப்பட்டது, கென்யாவின் அபாயப் பகுதிகளில் கால்நடை வளர்ப்போரைக் கைபேசியில் தொடர்ந்து விசாரிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. பெருங்கிளர்ச்சி எதுவும் வரவில்லை. முன்னேற்பாடு தடுத்ததா, மழை போதவில்லையா என்பதில் இரு தரப்பும் உண்டு. எப்படியானாலும், பலிக்காத எச்சரிக்கைக்குப்பின் அடுத்த எச்சரிக்கைக்குப் பணம் கேட்பது கடினம். வானத்தின் கணிப்பைப் படிப்படியாக உறுதியாக்கும் செய்தி தரையிலிருந்து வந்தாக வேண்டும். 2006-07-க்குப்பின் ஆய்வாளர்களும் கிழக்கு ஆப்பிரிக்க அதிகாரிகளும் கூடி உருவாக்கிய முடிவெடுப்பு வழிகாட்டி இதை ஒப்புக்கொள்கிறது. எச்சரிக்கை, கனமழை, கொசு எழுச்சி, விலங்கில் ஐயம், உறுதி என்று கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று அது வகுத்தது. மேய்ப்பர்கள் சொன்ன வரிசைதான் அதன் முதுகெலும்பு.

2018 மே மாதம் வரை கென்யாவில் கடும் மழை பெய்தது. அது எல் நினோ ஆண்டும் அல்ல. ஜூன் தொடக்கத்தில் வடகிழக்கே வஜீர் மருத்துவமனைக்கு வாயிலும் ஈறிலும் இரத்தம் கசிய ஒரு நோயாளி வந்து அன்றே இறந்தார். நோயுற்ற விலங்கின் இறைச்சியை உண்டதாகத் தெரியவந்தது. அடுத்த சில நாட்களில் உறவினர் இருவரும் அதே நிலையில் வந்தார்கள். அதன்பிறகு மாதிரி ஆய்வகத்துக்குப் போனது, ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் உறுதியானது, சந்தைகளுக்குத் தடை வந்தது. விலங்கின் நோய் அதன் உடைமைக்காரருக்கும் அறுத்தவருக்கும் தெரிந்திருக்கும். அரசுக்கு அது மருத்துவமனை வழியாகத்தான் வந்து சேர்ந்தது.